45 வயதில் புதுத் தொழில்: ரஹ்மானினோவ் பற்றி வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ரஷ்ய இசையமைப்பாளரும் பியானோ மேதையுமான செர்கேய் ரஹ்மானினோவ் பற்றி எழுதியபோது, அவர் நாட்டை விட்டுப் போய்க் கடைசி 25 ஆண்டுகளை வெளியே கழித்த கதையை ஒரே வரியில் தாண்டிவிட்டோம். வாசகர்கள் விடவில்லை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறோம்.

கே: ரஷ்யாவை விட்டுத் தப்பி ஓடினாரா, முறையாகக் கிளம்பினாரா?

ப: காகிதத்தில் முறையான பயணம், மனதில் தப்பித்தல். 1917 புரட்சியில், சம்பாத்தியத்தையெல்லாம் கொட்டி வளர்த்த இவானோவ்கா பண்ணை கையைவிட்டுப் போயிற்று. அந்த நேரம் பார்த்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் கச்சேரி செய்ய அழைப்பு வந்தது. அதைக் காட்டி அனுமதி வாங்கி, டிசம்பரில் மனைவி நதாலியா, மகள்கள் இரினா, தத்யானாவுடன் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்) ரயிலேறினார். ஃபின்லாந்து எல்லையில் திறந்த பனிச்சறுக்கு வண்டி, அப்புறம் மறுபடி ரயில். டிசம்பர் 24 அன்று ஸ்டாக்ஹோம். பெட்டியில் இருந்த இசைத்தாள்கள்: முடிக்காமல் விட்ட ‘மோன்னா வான்னா’ ஆப்பெராவின் முதல் அங்கக் குறிப்புகள், ரிம்ஸ்கி கோர்சக்கோவின் ‘பொற்சேவல்’ ஆப்பெராவின் ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் பங்கும் சேர்ந்த முழு இசைத்தாள்). தன்னுடைய முதல் சிம்பொனியின் ஸ்கோரைக் கொண்டுபோகவில்லை. அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் பேசுவோம். போனவர் பிறகு ரஷ்ய மண்ணை மிதிக்கவேயில்லை.

கே: ரஷ்யாவில் அவர் பெரிய கண்டக்டர். அமெரிக்காவில் இசைக்குழு ஒன்றை ஏற்று நடத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாரே? ஏன் பியானோவோடு ஊர் ஊராக அலைந்தார்?

ப: கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1918-ல் அவர் கோபன்ஹேகனில் இருந்தபோது அமெரிக்காவிலிருந்து மூன்று அழைப்புகள் வந்தன. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவுக்குக் கண்டக்டர் வேலை. சின்சினாட்டி சிம்பொனி இசைக்குழுவுக்கு இரண்டாண்டு ஒப்பந்தம். 25 தனிப் பியானோக் கச்சேரி. பாஸ்டன்காரர்கள் கேட்டது 30 வாரத்தில் 110 கச்சேரி. வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு ஏறத்தாழ நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒத்திகை வேறு. மற்றவர்களின் சிம்பொனிகளில் அவருக்குப் பாடமாக இருந்தவை இந்தக் கணக்குக்குக் காணாது. மூன்றையும் மறுத்தார். ஆனால் பிழைப்பு அமெரிக்காவில்தான் என்று முடிவு செய்து, ஒரு ரஷ்ய வங்கியாளரிடம் கடன் வாங்கிக்கொண்டு நவம்பர் 1-ஆம் தேதி கப்பல் ஏறினார். நியூயார்க்கில் இறங்கியது நவம்பர் 10. மறுநாள் முதல் உலகப் போர் முடிந்தது. ஊரெங்கும் விஷக்காய்ச்சல், அதில் அவரும் படுத்தார். எழுந்து டிசம்பர் 8 அன்று ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் முதல் கச்சேரி.

இதில் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. ரஷ்யாவில் இருந்தவரை அவர் மேடையில் வாசித்தது பெரும்பாலும் சொந்தப் படைப்புகளைத்தான். 1915-ல் நண்பர் ஸ்க்ரியாபின் இறந்த பிறகு அவர் நினைவாக அவருடைய படைப்புகளை வாசித்ததுதான் பெரிய விதிவிலக்கு. தன் பாட்டையே வாசித்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு பருவத்தைக்கூட ஓட்ட முடியாது. ரசிகர்கள் ஷோபான் கேட்பார்கள், லிஸ்ட் கேட்பார்கள், பீத்தோவன், ஷூமான் கேட்பார்கள். ஆக 45 வயதில் மனிதர் உட்கார்ந்து புதிதாகச் சாதகம் செய்தார். உலகமே கொண்டாடும் பியானோ கலைஞர் ரஹ்மானினோவ் அந்த வயதுக்குப் பிறகு உருவானவர்.

கே: அந்தச் சாதகம் எப்படி இருந்தது? பியானோ படிக்கும் நான் பின்பற்ற முடியுமா?

ப: முடியும், பொறுமை இருந்தால். ஏப்ரம் சேசின்ஸ் என்ற பியானோ கலைஞர் ஒருநாள் அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டதை எழுதி வைத்திருக்கிறார். உள்ளே ஷோபானின் ‘மூன்றாமிடைவெளி எத்யூட்’ (ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள இரு சுரங்களைச் சேர்த்தே வாசிக்கும் பயிற்சிப் பாட்டு) சாதகம் நடக்கிறது. வேகம் எவ்வளவு குறைவென்றால் வெளியே நின்றவருக்கு முதலில் அது என்ன பாட்டு என்றே தெரியவில்லை. ஒரு பாருக்கு (தாளக்கட்டின் ஒரு சுற்றுக்கு) சுமார் 20 வினாடி. முழு வேகத்தில் அந்த ஒரு பார் இரண்டு, மூன்று வினாடியில் கடந்துவிடும்.

மெதுவாக வாசிக்கச் சொன்னால் மாணவர்கள் செய்யும் தப்பு, விரலையும் தளரவிட்டு மெதுவாகத் தடவுவது. அதில் பலன் இல்லை. இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே உள்ள காலம்தான் நீள வேண்டும். அழுத்தும் கணம் முழு வேகத்தில் இருப்பது போலவே சட்டென்று, திட்டமாக இருக்க வேண்டும். அழுத்திய உடனே மணிக்கட்டை இளக்கி, அடுத்த விரலை அதன் கட்டைமேல் கொண்டுபோய்த் தயாராக வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெடல் (ஒலியை நீட்டிக்கக் காலால் மிதிப்பது) கூடாது. விரல் எண்ணை முதல் நாளே தாளில் எழுதிவிடுங்கள். தினமும் விரலை மாற்றிக்கொண்டிருந்தால் மெதுவாக வாசித்ததெல்லாம் வீண்.

கே: சி ஷார்ப் மைனர் பிரெலூட் உலகமெங்கும் விற்றது. அவர் அதில் கோடீஸ்வரர் ஆகியிருக்க வேண்டுமே?

ப: கிடைத்தது 40 ரூபிள். 1892-ல், 19 வயதில் எழுதியது. மாஸ்கோ பதிப்பாளர் குட்ஹைல் மொத்தமாக விலை பேசி வாங்கிக்கொண்டார். ரஷ்யா அப்போது பெர்ன் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேரவில்லை. ஆகவே ரஷ்யாவில் மட்டும் அச்சான ஒரு படைப்பை லண்டனிலோ நியூயார்க்கிலோ யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். ஆக்கியவனுக்குக் காசு தர வேண்டியதில்லை. 1898 வாக்கில் அவருடைய மூத்த உறவினர் சிலோட்டி அதை லண்டனில் வாசித்துப் பிரபலமாக்கியதும் பதிப்பாளர்கள் ‘மாஸ்கோவின் மணிகள்’ என்றெல்லாம் தலைப்பு வைத்து அடித்துத் தள்ளினார்கள். அவர் வைத்த பெயர் பிரெலூட், அவ்வளவுதான்.

இந்த ஓட்டையை அடைக்க அந்தக் கால ரஷ்யப் பதிப்பாளர்களுக்கு ஒரு வழி இருந்தது. ஜெர்மனியில் ஓர் அலுவலகம் திறந்து அங்கே வெளியிட்டால் உரிமை நிற்கும். பெலயேவ் லைப்ட்சிகிலும், குசெவிட்ஸ்கி பெர்லினிலும் செய்தது அதுதான். 1920-களில் ரஹ்மானினோவே பாரிசில் ஒரு பதிப்பகம் தொடங்கினார். பெயர் ‘தாயிர்’: தத்யானாவின் முதலெழுத்துகள், இரினாவின் முதலெழுத்துகள். வெளிநாட்டில் எழுதிய பெரிய படைப்புகளை அதன் வழியே வெளியிட்டார். ஆனால் அந்தப் பிரெலூட் போனது போனதுதான். காசு வராத பாட்டை ஊர்தோறும் ரசிகர்கள் கூச்சல் போட்டுக் கேட்க, கடைசியில் அதை வாசித்துத்தான் வீட்டுக்குப் போக முடிந்தது.

கே: அதே பிரெலூட்டை என் மகள் வாசிக்கிறாள். தொடக்கம் பிரமாதம், முடிவுக்கு வரும்போது ஓய்ந்துவிடுகிறாள். என்ன செய்யலாம்?

ப: தொடக்கம் பிரமாதமாக இருப்பதால்தான் முடிவு ஓய்கிறது. முதல் மூன்று ஆக்டேவ்கள் (ஒரே சுரத்தை மேல், கீழ் ஸ்தாயிகளில் சேர்த்து அடிப்பது; இங்கே ஏ, ஜி ஷார்ப், சி ஷார்ப்) கனமாக விழ வேண்டும், சரி. ஆனால் உடனே அடுத்து வரும் கார்டுகளுக்கு (ஒரே சமயத்தில் அழுத்தும் சுரக்கூட்டுகளுக்கு) அவர் போட்டிருக்கும் குறி மூன்று ‘பி’, அதாவது மிக மிக மென்மை. நிறையப் பேர் இதை நடுத்தரச் சத்தத்தில் வாசிக்கிறார்கள். அப்போது நடுப்பகுதிக்கு ஏற வேண்டிய உயரம் குறைந்துவிடுகிறது. முடிவில் கையைப் போட்டு அடிக்கத்தான் வேண்டியிருக்கும். மகளைப் பாட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பாடம் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அங்கே எவ்வளவு சத்தம் முடியும் என்று தெரிந்துகொண்டு, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே முதல் மூன்று ஆக்டேவ்களை வைத்தால் போதும்.

திரும்பி வரும் பகுதி நான்கு வரிசையில் அச்சாகியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கீழ் வரிசைகளின் ஆக்டேவை அடித்துப் பெடலில் பிடித்துக்கொண்டு, கைகள் மேலே தாவி மற்ற வரிசைகளின் கார்டுகளை அடிக்க வேண்டும். தாவல்தான் கஷ்டம், அடி அல்ல. சத்தமே இல்லாமல், கட்டையைத் தொட மட்டும் செய்து, தாவலைத் தனியாக 10 முறை பழகிய பிறகு அடிக்கட்டும்.

கே: அவர் கை அவ்வளவு பெரியதா? சிறிய கைக்காரர்கள் அவர் பாட்டைத் தொடவே கூடாதா?

ப: பன்னிரண்டாம் இடைவெளியை, அதாவது ஒரு ‘சி’யிலிருந்து ஆக்டேவ் தாண்டி அடுத்த ‘ஜி’ வரை, ஒரே கையால் எட்டுவார் என்று அவரோடு பழகிய கலைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அளவுகோல் எடுத்துப் பாருங்கள். இன்றைய பியானோவில் ஒரு வெள்ளைக் கட்டை 23.5 மில்லிமீட்டர் அகலம். ஆக்டேவுக்குக் கட்டை நடுவிலிருந்து நடுவுக்கு 16.5 சென்டிமீட்டர், பத்தாம் இடைவெளிக்கு 21, பன்னிரண்டாவதற்கு ஏறக்குறைய 26. நம்மில் பெரும்பாலோருக்கு ஒன்பதாவதிலேயே கை இழுக்கும்.

அதற்காக விட்டுவிட வேண்டாம். இரண்டாவது கன்சர்டோவின் (தனிப் பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பின்) தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். மணியோசை மாதிரி வளரும் கார்டுகளில் இடது கைக்குப் பத்தாம் இடைவெளி வருகிறது. எட்டாதவர்கள் கார்டை உருட்டலாம்: கீழ்ச்சுரம் முதலில், மேற்சுரம் கடைசியில். உருட்டும்போது நடக்கும் பெரிய தவறு பெடலில். கீழ்ச்சுரம் ஒலித்த பிறகு, கை மேலே நகர்ந்துவிட்ட பிறகு பெடலை மிதித்தால் அடிச்சுரம் செத்துவிடும். பாட்டுக்கு அடித்தளமே இருக்காது. கீழ்ச்சுரம் அழுந்தும் கணத்திலேயே பெடல் கீழே இருக்க வேண்டும். இன்னொன்று: மேற்சுரம் தாளத்தில் விழ வேண்டுமென்றால் உருட்டலைக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்கெஸ்ட்ராவோடு சேரும்போது ஒவ்வொரு கார்டும் பிந்தும்.

உருட்டாமல் தப்பிக்கவும் வழிகள் உண்டு. இடது கையின் மேற்சுரத்தை வலது கைக் கட்டைவிரல் எடுத்துக்கொள்ளும்படி பங்கு பிரிக்கலாம். அதுவும் முடியாவிட்டால் நடுவில் இருமுறை வரும் சுரம் ஒன்றை விடலாம். கீழ்ச்சுரத்தையோ உச்சிச் சுரத்தையோ விடக் கூடாது. எதைச் செய்தாலும் கையை விரித்தபடி அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். அடித்த மறுகணம் கை சுருங்கட்டும், ஒலியைப் பெடல் பிடித்துக்கொள்ளும். விரிப்பதும் அழுத்துவதும் ஒரே நேரத்தில் நீடித்தால் முன்கையில் வலி வரும். வலி வந்தால் அன்றைய சாதகம் முடிந்தது என்று அர்த்தம். ‘வலித்தால்தான் வளரும்’ என்கிற ஆசிரியரை மாற்றுங்கள்.

கே: ரஷ்யாவில் 39 படைப்பு எண்கள் (ஓபஸ் என்று படைப்புகளுக்கு வரிசையாக இடும் எண்கள்); வெளியே 25 ஆண்டுகளில் வெறும் 6. சரக்கு தீர்ந்துவிட்டதா?

ப: சரக்கு தீரவில்லை, நேரம் தீர்ந்தது. தாய்நாட்டை இழந்ததோடு எழுதும் ஆசையும் போய்விட்டது என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். அது உண்மைதான் என்றாலும், நாட்குறிப்பைப் பார்த்தால் வேறு காரணமும் பளிச்சென்று தெரியும். 1922 நவம்பர் முதல் 1923 மார்ச் வரை ஐந்து மாதத்தில் 71 கச்சேரி. பெட்டியைக் கட்டி அவிழ்க்க அலுத்துப்போய் ஒரு ரயில் பெட்டியையே வாடகைக்கு எடுத்து, அதில் ஒரு பியானோவையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இலையுதிர்காலம் தொடங்கிப் பருவம் முடியும்வரை இதே ஓட்டம். ஆக எழுதக் கிடைத்தது கோடை மட்டும்.

அப்படிக் கிடைத்த கோடைகளின் விளைச்சல்தான் அந்த ஆறு. 1926-ல் நான்காவது பியானோ கன்சர்டோவும் ‘மூன்று ரஷ்யப் பாடல்க’ளும், 1931-ல் கொரெல்லி மாறுபாடுகள் (ஒரே மெட்டைப் பல விதமாக மாற்றி எழுதியவை), 1934-ல் பகனீனி ராப்சடி (வயலின் மேதை பகனீனியின் மெட்டொன்றின் மாறுபாடுகள், பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும்), 1936-ல் மூன்றாவது சிம்பொனி, 1940-ல் ‘சிம்பொனிக் நடனங்கள்’. பகனீனியும் சிம்பொனியும் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரிக்கரையில், ஹெர்டென்ஸ்டைனில் அவர் கட்டிய ‘செனார்’ வீட்டில் பிறந்தவை. செர்கேயின் ‘செ’, நதாலியாவின் ‘நா’, ரஹ்மானினோவின் ‘ர்’ சேர்ந்தால் செனார். ராப்சடிக்குப் பிடித்த காலம் ஜூலை 3 முதல் ஆகஸ்ட் 18 வரை, ஏழு வாரத்துக்கும் குறைவு. உட்கார இடமும் நேரமும் கிடைத்தால் கை எப்படி ஓடியது பாருங்கள்.

ஆறில் ஐந்தை முதலில் மேடையேற்றியது பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா. ஆறாவது கொரெல்லி, அது தனிப் பியானோவுக்கானது, மாண்ட்ரியலில் அரங்கேறியது.

கே: கொரெல்லி மாறுபாடுகளைச் சிலர் முழுதாக வாசிக்கிறார்கள், சிலர் குறைத்து வாசிக்கிறார்கள். எது சரி?

ப: தாளிலேயே சிலவற்றை விருப்பம்போல் விடலாம் என்று குறிப்பு இருக்கிறது. அவர் கடைப்பிடித்த அளவுகோல் ரசிகர்களின் இருமல். அரங்கில் இருமல் கூடினால் அடுத்த மாறுபாட்டைத் தாண்டிவிடுவாராம். இருமல் இல்லையென்றால் வரிசைப்படி வாசிப்பாராம். ஒரு சிற்றூரில் இருமல் தாங்காமல் 20-ல் 10 மட்டுமே வாசித்ததாக நண்பர் மெட்னருக்குக் கடிதம் எழுதினார். இன்று முழுதாக வாசிப்பதே வழக்கம், நல்லதும்கூட.

கே: ரவீந்திரநாத் தாகூரைக் கண்டித்து ரஹ்மானினோவ் கடிதம் எழுதினார் என்று படித்தேன். நம்பவே முடியவில்லை.

ப: நம்பலாம். தாகூர் 1930 செப்டம்பரில் சோவியத் ரஷ்யாவைச் சுற்றிப் பார்த்தார். அங்கே எளிய மக்களுக்குக் கல்வி போய்ச் சேர்ந்த விதம் அவரை அசத்திற்று. அடுத்து அமெரிக்கா போனபோதும் அதைப் பாராட்டிப் பேசினார். 1931 ஜனவரி 15 ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் அதை மறுத்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்திட்டவர்கள் மூவர்: ரஹ்மானினோவ், வேதியியலாளர் ஒஸ்த்ரோமிஸ்லென்ஸ்கி, எழுத்தாளர் டால்ஸ்டாயின் மகன் இலியா. சிறைகளையும் கொலைகளையும் பற்றித் தாகூர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் அவர்கள் கேள்வி. தாகூர் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். இவர்கள் இழந்த வீட்டைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு பாதி.

அதுவரை அரசியலில் பட்டும் படாமலும் இருந்த ரஹ்மானினோவுக்கு இதன் விலை உடனே தெரிந்தது. மார்ச் மாதம் மாஸ்கோவில் அவருடைய ‘மணிகள்’ என்ற கூட்டிசைப் படைப்பு நிகழ்ந்ததும் பத்திரிகைகள் பாய்ந்தன. மாஸ்கோ, லெனின்கிராட் இசைக் கல்லூரிகள் அவர் படைப்புகளைப் புறக்கணித்தன. சுமார் இரண்டாண்டுகளில் இந்தத் தடை தானாகவே நீர்த்துப்போனது. 1941-ல் ஹிட்லர் ரஷ்யாமீது படையெடுத்தபோது, அதே மனிதர் நியூயார்க் கச்சேரி ஒன்றின் வருமானத்தைச் செஞ்சேனையின் மருத்துவ உதவிக்குக் கொடுத்தார்.

கே: அவரே வாசித்த இசைத்தட்டுகளில் எதில் தொடங்கலாம்? இரைச்சல் தாங்கவில்லை.

ப: ஆண்டைப் பார்த்து வாங்கினால் பாதி இரைச்சல் போய்விடும். 1925-க்கு முன் பதிவானவை ஒலிவாங்கி இல்லாமல், கொம்புக் குழாய்க்கு முன்னால் வாசித்தவை. பியானோவின் அடிச்சுரம் அதில் ஏறவே ஏறாது. இரண்டாவது கன்சர்டோவை 1924-ல் அந்த முறையிலும், 1929-ல் மின்முறையிலும், இரண்டு தடவையுமே கண்டக்டர் ஸ்டோகோவ்ஸ்கியுடன் பதிவு செய்தார். வாங்க வேண்டியது 1929. அதோடு 1934 டிசம்பர் 24-ல் பதிவான பகனீனி ராப்சடி. தனிப் பியானோவில் 1929-ன் ஷூமான் ‘கார்னவால்’, 1930-ன் ஷோபான் இரண்டாவது சொனாட்டா. அந்தச் சொனாட்டாவின் இறுதி ஊர்வலப் பகுதியில் ஒரு வேலை செய்திருக்கிறார். நடுப்பாட்டு முடிந்து ஊர்வலம் திரும்பும்போது தாளில் உள்ளபடி மென்மையாக ஆரம்பிக்காமல், முழுச் சத்தத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே போகிறார். ஊர்வலம் நம்மைத் தாண்டிப் போய்விடுகிறது. தாளை மீறியது தப்புதான். ஆனால் இப்படி மீறத் தெரிய வேண்டும்.

1939–40-ல் கண்டக்டர் ஓர்மண்டியுடன் பதிவான மூன்றாவது கன்சர்டோவைக் கேட்கும்போது தாளைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்காதீர்கள். பல இடங்களில் வெட்டியிருக்கிறார். அவர் எழுதிய இரண்டு கடென்ஸாக்களில் (ஆர்கெஸ்ட்ரா நிற்க, பியானோ மட்டும் தனித்து வாசிக்கும் பகுதிகளில்) வாசிப்பது லேசானது. இன்று போட்டிகளில் எல்லோரும் கட்டி அழும் கனமானது அல்ல.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டில் 12 அங்குலத்தின் ஒரு பக்கம் நாலரை நிமிடம்தான். அதனால் பெரிய படைப்பு துண்டு துண்டாகப் பதிவாயிற்று. ஒட்டும் இடத்தில் வேகம் லேசாக மாறினால் அது அவர் குற்றமல்ல. பழைய தட்டை மாற்றிப் பதிந்தவர்கள் சுழல் வேகத்தைத் தவறாக வைத்திருக்கவும் கூடும். பாட்டின் ஆதார சுரத்தைச் சரியாகச் சுருதி சேர்த்த கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரைச் சுரம் உயர்ந்து ஒலித்தால் தட்டு சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள்; அதாவது 73 அல்லது 74 சுற்றில் ஓட வேண்டியதை 78-ல் ஓட்டியிருக்கிறார்கள். 1919-ல் எடிசனுக்காகப் பதிந்தவை இன்னொரு தினுசு. அவற்றின் கீறல் மேலும் கீழுமாக ஓடும், வேகம் 80. சாதாரணத் தட்டுக் கருவியில் போட்டால் உருப்படியாக எதுவும் கேட்காது.

கே: பியானோ உருளைப் பதிவுகள் என்கிறார்களே, அவையும் இதே தரமா? அவற்றில் இரைச்சலே இல்லையே.

ப: இரைச்சல் இல்லாததற்குக் காரணம், அது ஒலிப்பதிவே அல்ல. துளையிட்ட காகிதச் சுருள். கருவிக்குள் காற்று உறிஞ்சப்படுகிறது. துளை வரும் இடத்தில் காற்று நுழைந்து, அந்தக் கட்டையின் சுத்தியை இயக்குகிறது. ஆகவே இன்று நீங்கள் கேட்பது இன்றைய பியானோ. ‘ஆம்பிகோ’ நிறுவனத்துக்காக 1919 முதல் 1929 வரை 35 உருளைகள் செய்தார். 12 சொந்தப் படைப்புகள்.

எந்தச் சுரம், எப்போது என்பதை உருளை நன்றாகவே சொல்லும். எவ்வளவு சத்தம் என்பதில்தான் சிக்கல். விளிம்பில் உள்ள துளைகள் சத்தத்தைக் கட்டுப்படுத்துகின்றன. கட்டைகளை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகப் பிரித்து, பாதிக்கு ஒரு காற்றழுத்தம். எனவே ஒரே கையின் கார்டில் உச்சிச் சுரத்தை மட்டும் தூக்கி ஒலிக்கச் செய்யும் அவருடைய தனி வித்தை இதில் முழுதாகத் தெரியாது. அந்தச் சுரத்தை ஒரு மயிரிழை முன்பின்னாகத் துளையிட்டுச் சமாளித்தார்கள். தவறிய சுரங்களையும் பிறகு திருத்திவிடுவார்கள். இதற்குமேல், தோல் வெடித்துக் காற்று கசியும் பழைய கருவியில் போட்டால் மென்மையான இடமெல்லாம் சுரம் விட்டுப்போகும். ஆக, ஒரு பாட்டு தட்டிலும் உருளையிலும் இருந்தால் தட்டை நம்புங்கள்.

கே: பகனீனி ராப்சடியின் 18-ஆம் மாறுபாடு மட்டும் எங்கோ வேறு பாட்டு மாதிரி இருக்கிறதே?

ப: அதே பாட்டுதான், தலைகீழாக. மூலச் சுரவரிசை மூன்றாமிடைவெளி ஏறி, படிப்படியாக இறங்கி, பிறகு தாவும். இதில் ஏற்றத்தை இறக்கமாகவும் இறக்கத்தை ஏற்றமாகவும் திருப்பிப் போட்டிருக்கிறார். திருப்பினால் மைனர் தன்மை (சோகச் சாயல்) மேஜர் தன்மையாகிவிடும் (மலர்ந்த சாயல்). அதை மெதுவாக்கி டி ஃப்ளாட் மேஜரில் வைத்ததும் காதல் பாட்டு தயார். இதைவிட மேடையில் அவரைப் பயமுறுத்தியது கடைசி, 24-ஆம் மாறுபாட்டின் தாவல்கள். மது அருந்தாதவர், மொய்செவிச் என்ற சக கலைஞர் சொன்ன யோசனைப்படி அதற்காகப் புதினா மது ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போவாராம்.

கே: மைசூர் மகாராஜாவுக்கும் ரஹ்மானினோவுக்கும் என்ன தொடர்பு?

ப: நேரடித் தொடர்பு மெட்னருக்குத்தான். நிக்கலாய் மெட்னர், ரஹ்மானினோவின் உயிர் நண்பர், அவரைப் போலவே இசையமைத்துத் தானே பியானோவில் வாசிப்பவர். 1921-ல் ரஷ்யாவை விட்டார். பெர்லின், பாரிஸ் என்று அலைந்து லண்டனில் தங்கினார். 1924–25-ல் அவருக்கு அமெரிக்கப் பயணம் அமைத்துக் கொடுத்தது ரஹ்மானினோவ். ரஹ்மானினோவின் நான்காவது கன்சர்டோ மெட்னருக்குச் சமர்ப்பணம். மெட்னரின் இரண்டாவது கன்சர்டோ ரஹ்மானினோவுக்கு. நான்காவது 110 பக்கம் வளர்ந்துவிட்டதென்று பயந்து ரஹ்மானினோவ் எழுதியதும் இவருக்குத்தான். அந்தப் பயத்தில் வெட்டி வெட்டி, 1926, 1928, 1941 என்று மூன்று வடிவம் ஆக்கிவிட்டார். தாள் வாங்குபவர்கள் அட்டையில் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். வழக்கமாக மேடையேறுவது 1941.

மெட்னருக்குக் கச்சேரிப் பிழைப்பு ஒத்துவரவில்லை. ரசிகர்களுக்குப் பழகிய ஷோபான், லிஸ்ட் பக்கம் அதிகம் போகாமல் தன் படைப்பையே வாசித்தார். வறுமையும் இதய நோயும் பிடித்தன. அப்போதுதான் 1940-களின் கடைசியில் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் மெட்னர் சங்கம் ஒன்றை நிறுவி, எச்.எம்.வி. வழியாக அவரே வாசித்த பதிவுகள் வெளிவரப் பணம் கொடுத்தார். மூன்றாவது கன்சர்டோவை மகாராஜாவுக்குச் சமர்ப்பித்துவிட்டு 1951-ல் மெட்னர் காலமானார். அவர் வாசிப்பு இன்று நம் காதுக்கு எட்டுகிறதென்றால் மைசூர் கஜானா ஒரு காரணம்.

கே: புரோகோஃபியெவும் அப்போது அமெரிக்காவில்தானே இருந்தார்? அவர் மட்டும் ஏன் திரும்பினார்?

ப: இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான புரோகோஃபியெவ் 1918-ல் சோவியத் அமைச்சர் லுனாசார்ஸ்கியின் அனுமதியோடு, ஜப்பான் வழியாக வந்தவர், வயது 27. கதவைச் சாத்திக்கொண்டு வரவில்லை. சிகாகோவில் 1921-ல் அவருடைய ஆப்பெராவும் மூன்றாவது பியானோ கன்சர்டோவும் அரங்கேறின. ஆனால் பியானோ கலைஞராக ரஹ்மானினோவுக்கு அடுத்த இடத்தில்தான் வைத்தார்கள். தான் முதலில் இசையமைப்பாளர் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்; ஆப்பெராவுக்கும் பாலேக்கும் வேலை தருவதாகச் சோவியத் அரசு அழைத்தது. 1936-ல் மாஸ்கோவில் குடியேறினார். எழுத நேரம் கிடைத்தது. 1948-ல் கட்சி கண்டனமும் கிடைத்தது.

கே: பெயரை எப்படி எழுதுவது? ரஹ்மானினோவா, ராக்மானினாஃபா?

ப: ரஷ்ய உச்சரிப்புக்கு முதலாவது நெருக்கம். அயல்நாட்டில் கையெழுத்திட்டபோது அவரே ‘ஆஃப்’ என்றுதான் முடித்தார். இரண்டும் ஒருவரே.

கே: வானொலியில் வாசித்த பதிவு எதுவும் கிடைக்குமா?

ப: தேட வேண்டாம். தன் கச்சேரியை வானொலியில் ஒலிபரப்ப அவர் சம்மதிப்பதில்லை.

கே: ‘சிம்பொனிக் நடனங்கள்’ அவருடைய கடைசிப் படைப்பு. அதில் பழைய பாட்டு ஏதோ ஒளிந்திருப்பதாகச் சொல்கிறார்களே?

ப: 1940-ல், ஐரோப்பாவில் போர் மூண்டு செனாருக்குப் போக வழியில்லாமல், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் தங்கியிருந்தபோது எழுதியது. முதல் நடனத்தின் நடுவே ஆல்டோ சாக்ஸபோன் ஒரு நீண்ட பாட்டுப் பாடும். அந்த வாத்தியத்துக்கு எழுதிப் பழக்கமில்லாததால் பிராட்வே இசை அமைப்பில் கைதேர்ந்த ராபர்ட் ரஸல் பென்னட்டிடம் யோசனை கேட்டுக்கொண்டார். தந்தி வாத்தியங்களின் வில் வீச்சுகளைக் குறித்துக் கொடுத்தவர் வயலின் மேதை கிரைஸ்லர்.

நீங்கள் கேட்ட இடம் அந்த முதல் நடனத்தின் முடிவில் வருகிறது. புயல் ஓய்ந்து, தந்தி வாத்தியங்கள் ஒரு விசாலமான மெட்டை மேஜரில் அமைதியாக வாசிக்கும். அது 1897-ல் பீட்டர்ஸ்பர்க்கில் படுதோல்வியடைந்த அவருடைய முதல் சிம்பொனியின் மெட்டு. கிளாசுனோவ் நடத்திய அந்தக் கச்சேரிக்குப் பிறகு மூன்றாண்டுகள் ரஹ்மானினோவ் எழுத முடியாமல் கிடந்தார். மருத்துவர் தாலிடம் போன பிறகுதான் மீண்டார். சிம்பொனியை அச்சிட விடவில்லை. ஸ்கோர் ரஷ்யாவில் நின்றுபோய்த் தொலைந்தும்விட்டது. ஆகவே 1941 ஜனவரி 3 அன்று பிலடெல்பியாவில் ஓர்மண்டி நடத்தியதைக் கேட்டவர்களில் அது எதன் மேற்கோள் என்று அறிந்தவர் அனேகமாக எழுதியவர் ஒருவரே.

1943 பிப்ரவரி 17 அன்று டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் கடைசிக் கச்சேரி. மார்ச் 28-ல் பெவர்லி ஹில்ஸ் வீட்டில் புற்றுநோயால் இறந்தார். பிறகு லெனின்கிராட் இசைக் கல்லூரியில் முதல் சிம்பொனியின் வாத்தியத் தாள்கள் தனித்தனியாகக் கிடைத்தன. அவற்றைச் சேர்த்து ஸ்கோரை மறுபடி எழுதி, 1945 அக்டோபர் 17 அன்று மாஸ்கோவில் வாசித்தார்கள். 48 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த இரண்டாவது நிகழ்ச்சி அது.